பழவேற்காட்டில் மூன்று சீசர்கள்

1. முதல் நாள்

கோட்டையில் ஒரு பாஷையை மறு பாஷையில் சொல்கிற துபாசி வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்குக் கொடுத்த வேலை, மனிதர்களுக்குப் பேர் மாற்றுவது. இப்படி ஒரு வேலை உலகத்தில் இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது. அனுப்பம்பட்டுப் பக்கம் நெல் விளைவிக்கிற குடும்பம் எங்களுடையது. கோட்டைத் துரைமார் பேசுகிற உலாந்தா பாஷை எனக்கு முக்கால்வாசி வரும், பறங்கிப் பேச்சு பாதி வரும், கையெழுத்து மட்டும் முழுசாக நன்றாக இருக்கும். அந்தக் கையெழுத்துதான் என்னைக் கோட்டைக்குள் கொண்டுபோய் விட்டது. இப்போது வேலையை விட்டு வீட்டில் இருக்கிறேன். இனிமேல் அந்த மேசைக்கு வரப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெருமையாகச் சொல்லிக்கொள்ள நாலு விஷயம் எனக்கும் உண்டு. அதையெல்லாம் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

அது பஞ்ச காலம். இரண்டு வருஷமாக மழை இல்லை, உள்நாட்டுப் பக்கம் நெல் இல்லை. அது போதாதென்று ஏரியும் கடலும் சேருகிற முகத்துவாரத்தை மண் மூடிவிட்டது. கடல் தண்ணீர் உள்ளே வராவிட்டால் ஏரியில் இறாலும் கிடையாது, மீனும் கிடையாது. உழவனுக்கும் வலைக்காரனுக்கும் ஒரே நேரத்தில் அடுப்பு அணைந்தது. அப்போது ஒருவன் தன்னைத்தானே விற்றுக்கொண்டால் அவன் வீட்டுக்கு அரிசி கிடைக்கும். ஆளைக் கப்பலேற்றிக் கடலுக்கு அந்தப் பக்கம் உலாந்தாக்காரர் ஊரான பத்தாவிக்கு அடிமையாக அனுப்பிவிடுவார்கள். அந்த ஆட்களை வரிசையாக நிற்க வைத்துப் பேர்ப் புத்தகத்தில் எழுதுகிற மேசைதான் என் மேசை.

மேசைக்குப் பக்கத்தில் சின்ன துரை உட்கார்ந்திருப்பார். கோட்டையில் இரண்டாவது அதிகாரி. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. யாரையும் அடித்ததும் இல்லை. அவருக்கு ரோமாபுரிப் பைத்தியம். ஆயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ராஜாக்களைப் பற்றித் தன் பங்காளிகளைப் பேசுகிற மாதிரி பேசுவார். மேசைமேல் மூக்குடைந்த வெள்ளைக் கல் தலை ஒன்று இருக்கும். அதுவும் அந்த ஊர்க்காரர் ஒருவருடைய தலைதான். சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார். அதில் பன்னிரண்டு பேர்கள். முதல் பேர் சீசர். அப்புறம் பொம்பே, நீரோ, தீத்து என்று போகும்.

"இவங்க பேரெல்லாம் நம்ம எழுத்துல உட்காராது. மூணு பேர் எழுதினா மூணு விதமா எழுதுறாங்க. அங்க போய்ச் சேர்ந்தா யாருக்கும் வாயில நுழையறது இல்ல. அதனால இந்தக் காகிதத்துல இருக்கறத வரிசையா குடு" என்றார்.

"பழைய பேரையும் பக்கத்துல எழுதட்டுமா துரை?"

"எதுக்கு? ரோமாபுரியிலயும் இப்படித்தான். பிடிச்சுட்டு வந்த ஆளுக்குப் புதுப் பேரு. பழசு தேவையில்ல."

எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. எழுத வேண்டியது பாதியாகக் குறைந்தது. இதை ஒளிக்கப்போவதில்லை.

2. பதின்மூன்றாவது ஆள்

அன்றைக்கு வரிசையில் முப்பத்தைந்து பேர். பன்னிரண்டாவது ஆள் வரைக்கும் காகிதம் வந்தது. பதின்மூன்றாவது ஆள் மேசைக்கு முன்னால் வந்து நின்றபோது பேர் தீர்ந்துபோயிருந்தது.

நான் துரையைப் பார்த்தேன். அவர் காகிதத்தின் மேல் நுனியை விரலால் காட்டினார். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பி என்று அர்த்தம். ஒரு பேர் இரண்டு பேருக்கு வந்தால் குழம்பாதா என்று கேட்க வாயெடுத்தேன். முதல் நாள் வேலை. வாயை மூடிக்கொண்டேன்.

அந்தப் பதின்மூன்றாவது ஆளின் பேர் மாரி. முகத்துவாரத்தை ஒட்டின குப்பத்துக்காரன். பேர் எழுதின இடத்தில் கீறல் போடச் சொல்லி இறகைக் கொடுத்தேன். அவனால் பிடிக்க முடியவில்லை. வலது கைப் பெருவிரல் மடங்கவே இல்லை.

"கெளுத்தி முள்ளு ஏறிடிச்சி தொபாசய்யா. சின்ன வயசுல. அப்பலேர்ந்து இந்த வெரலு இப்டியே நிக்குது" என்றான்.

இடது கையால் கீறல் போட்டான். போட்டுவிட்டு, "இன்னா பேரு எய்தினீங்க?" என்று கேட்டான்.

"சீசர்."

"யாரு அது?"

"ரோமாபுரின்னு ஒரு ஊரு. அங்க பெரிய ராஜா மாதிரி."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. மூன்று நாள் சாப்பிடாத முகத்தில் சிரிப்பு வந்தது. "ராஜாவா! அவுரு கடசீல இன்னா ஆனாரு?"

"கூட இருந்தவங்களே குத்திக் கொன்னுட்டாங்க."

"அப்ப சர்தான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தான். இருபத்தைந்தாவது ஆளுக்கும் சீசர் என்று எழுதினேன். முதல் ஆளையும் சேர்த்து மூன்று சீசர். மூன்று பேருக்கும் ஊர் என்ற இடத்தில் பழவேற்காடு. அவ்வளவுதான் பேர்ப் புத்தகத்தில் இருந்தது.

3. வாசலில் நின்ற பெண்கள்

கப்பல் போன பிறகு, கடல் தாண்டிக் கப்பல் வந்த நாளிலெல்லாம் கோட்டை வாசலில் பெண்கள் வந்து நிற்பார்கள். உள்ளே விடமாட்டார்கள். நான்தான் வெளியே போய்ப் பதில் சொல்ல வேண்டும்.

அதில் ஒருத்தி கங்கம்மா. இடுப்பில் ஒரு பெண் குழந்தை.

"எங்க ஊட்டுக்காரரு சேதி எதுனா வந்துச்சா?"

"உன் வீட்டுக்காரர் பேர் என்ன?"

தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் பேரை எப்படிச் சொல்வாள்? எங்கள் வீட்டில் மட்டும் சொல்கிறார்களா? நாலு தடவை கேட்டேன். குழந்தையின் கையைப் பிடித்துக் காட்டி, "இத்தோட நைனா" என்றாள். அவ்வளவுதான் வந்தது. பக்கத்தில் நின்ற ஒரு கிழவிதான், "நம்ம கோயில்ல மாரிம்மா கீறாங்கல்ல, அந்தம்மா பேரு வெச்சவன். கெளுத்தி வெரலுக்காரன்" என்று எடுத்துக்கொடுத்தாள். எனக்கு விளங்கியது.

அப்போது நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். இன்றைக்கும் நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. "இனிமே வந்தா சீசர்னு கேளு. அங்க அவருக்கு அதுதான் பேரு. அது அவரு சொந்தப் பேரு இல்லியே, நீ தாராளமா சொல்லலாம்" என்றேன்.

கங்கம்மா வாய்க்குள்ளேயே ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். அப்புறம் சத்தமாக, "சீசரு" என்றாள். அவளுக்கு முகமே மாறிப்போனது. கல்யாணம் ஆன நாளிலிருந்து புருஷனை ஒரு பேர் சொல்லி அவள் கூப்பிட்டதே இல்லை. அன்றைக்குத்தான் முதல் தடவை. எனக்கும் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

அந்தப் பேர் குப்பத்துக்குள் போய்விட்டது. கங்கம்மாவின் குழந்தையைச் சீசர் பொண்ணு என்றார்கள். கப்பலேறிப் போனவர்களின் மற்றப் பெண்டாட்டிகளும் பொம்பே, தீத்து என்று வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தார்கள். ரோமாபுரி எங்கே இருக்கிறது என்று அந்தக் கரையில் ஒருத்திக்கும் தெரியாது. மீன் காய வைத்துக்கொண்டே, "நேத்து கனாவுல நீரோ வந்துச்சிடி" என்று பேசிக்கொள்வார்கள். நானே காதால் கேட்டேன். சின்ன துரையிடம் சொன்னேன். அவர் பூரித்துப்போனார்.

மூன்று சீசர்களில் உழவு வேலைக்காரன் ஒருவனைத் தேடி அவன் தாய் வருவாள். நெசவுக்காரன் ஒருவனைத் தேடி யாரும் வரவில்லை.

4. பாடு

ஒரு தடவை கோட்டை வேலையாகக் குப்பத்துக்குப் படகில் போனேன். அன்றைக்குப் பாடு பிரிக்கிற நாள். ஏரியில் எந்தத் துறையில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று முறை வைத்துப் பிரிப்பதற்குப் பாடு என்று பேர். அந்த முறை இல்லையென்றால் அந்தத் தண்ணீரில் கை நனைக்க முடியாது. ஊர்ப் பெரியவரான நாட்டார் நடுவில் உட்கார்ந்து ஒவ்வொரு குடும்பத்து ஆணின் பேரையும் கூப்பிடுவார். ஆள் "கீறேன்", அதாவது இருக்கிறேன், என்று குரல் கொடுக்க வேண்டும். வெளியூர் போயிருந்தால் பங்காளி யாராவது "கீறான்" என்று சொல்ல வேண்டும். மூன்று தடவை கூப்பிட்டும் குரல் வராவிட்டால் அந்தப் பேர் விழுந்துவிடும்.

"மாரி" என்று கூப்பிட்டார் நாட்டார்.

"கீறான்" என்றான் மாரியின் தம்பி முனுசாமி.

பெண்கள் தூரத்தில் நின்றார்கள். கங்கம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அந்த ஒரு சொல்லால்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது. அண்ணன் முறையில் முனுசாமி வலை கட்டுவான். வந்ததில் பாதி கங்கம்மாவுக்கு. மாரி உயிரோடு இருக்கிறான் என்று ஊர் நம்புகிற வரைக்கும் அவளுக்குத் தண்ணீர் உண்டு. ஆண்பிள்ளை இல்லாத வீடு, அவன் செத்தால் ஒன்றும் கிடையாது.

5. காகிதம்

நாலாவது வருஷம் பத்தாவியிலிருந்து ஒரு காகிதம் வந்தது. செத்தவர்களின் பேர்கள். அதில் ஒரு வரி: சீசர், பழவேற்காடு, காய்ச்சல்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு சின்ன துரையிடம் போனேன். "இதுல மூணு சீசர் இருக்கான் துரை. எவன் பேரை அடிக்கிறது?"

அவர் யோசிக்கக்கூட இல்லை. "முதல்ல இருக்கறத அடி."

முதலில் இருந்தவன் நெசவுக்காரன். அவன் பேர்மேல் கோடு போட்டேன். கோடு நேராக வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

வாசலுக்கு வந்தால் கங்கம்மா நிற்கிறாள்.

"சீசரு சேதி கீதா தொபாசய்யா?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. மூன்று பேருக்கு ஒரே பேர் வைத்தோம், அதில் ஒருவர் செத்துவிட்டார், எவர் என்று தெரியாது. இதைச் சொன்னால் எத்தனை பொம்பே, எத்தனை தீத்து என்று அந்த வாசலே கேட்கும். துரை காதுக்குப் போகும். என் வேலை போகும். இதெல்லாம் ஒரு நொடியில் மண்டைக்குள் ஓடியது.

"சீசர் செத்துட்டாருன்னு காகிதம் வந்திருக்கும்மா" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. காகிதத்தில் இருந்ததைத்தான் சொன்னேன். அதுதான் எனக்கு இன்னும் கேவலமாக இருக்கிறது. அவள் அங்கே அழவில்லை. குழந்தையை இறக்கி விட்டாள், மறுபடி தூக்கிக்கொண்டாள், படகுத்துறைப் பக்கம் நடந்து போனாள். பின்னாலேயே உழவுக்காரனின் தாய் வந்து கேட்டாள். சேதி ஒன்றும் இல்லை என்றேன்.

அந்த வருஷம் பாடு பிரித்தபோது நாட்டார் மாரி பேரை மூன்று தடவை கூப்பிட்டாராம். முனுசாமி வாய் திறக்கவில்லை. அவனைக் குறை சொல்ல முடியாது. செத்தவனைக் கீறான் என்று சொல்லி வலை கட்டினால் தண்ணீர் பழி வாங்கும் என்று அங்கே ஒரு பயம் உண்டு. பேர் விழுந்தது. கங்கம்மா தாலியை எடுத்தாள்.

6. அதே மேசை

இரண்டு வருஷம் கழித்து முகத்துவாரம் மறுபடி மூடியது. மறுபடி வரிசை நின்றது. வரிசையில் கங்கம்மா வந்தாள். கூடக் குழந்தை இல்லை.

"புள்ள எங்கம்மா?"

"பூட்ச்சி" என்றாள். "கஞ்சி இல்லாம பூட்ச்சி. எனக்குக் குடுக்கற அரிசிய முனுசாமி ஊட்டுக்குக் குடுத்துடுங்க. அங்கதான் ரெண்டு வருசம் துன்னேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். மூன்றில் ஒருவர்தான் செத்தார் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் குழந்தை எதற்காகச் செத்தது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். பயந்துகொண்டு சும்மா இருந்தேன்.

பெண்களுக்கும் சுவரில் ஒரு காகிதம் இருந்தது. தியானா, புளோரா என்று எட்டுப் பேர்கள். அவள் முறைக்குத் தியானா வந்தது. நான் எழுதப் போனபோது கங்கம்மா கேட்டாள்:

"அந்தச் சீசரு ராஜாவுக்குப் பொஞ்சாதி இருந்துச்சா?"

"இருந்திருக்கும்."

"அவங்க பேரு இன்னா? அத்தையே எனக்கு வெய்யுங்க."

எனக்குத் தெரியவில்லை. துரையைக் கேட்டேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அத்தனை வருஷத்தில் ரோமாபுரியைப் பற்றி அவரிடம் யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. முகமெல்லாம் மலர்ந்து, "கல்பூர்னியா!" என்றார். "நல்ல பெண்மணி. அன்னிக்கு வெளியே போகாதேன்னு புருஷன்கிட்ட சொன்னா. அவன் கேக்கல."

கங்கம்மாவுக்கு அதைத் தமிழில் சொன்னேன். "நானும் சொன்னேன்" என்றாள்.

காகிதத்தில் இல்லாத அந்தப் பேரைப் புத்தகத்தில் எழுதினேன். பத்தாவிக்கே அனுப்பச் சொல்லிக் கேட்டாள். அவரைப் புதைத்த இடத்தையாவது பார்க்க வேண்டும் என்றாள். அந்தக் கப்பல் பத்தாவிக்குப் போகவில்லை. வேறு துறைக்குப் போனது. கரையிலிருந்து கப்பலுக்கு ஆள் கொண்டுபோகிற சலங்குப் படகில் அவளை ஏற்றும்போது நான் கரையில்தான் நின்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

7. மீரான் கொண்டுவந்த கேள்வி

அதற்கு அடுத்த வருஷம் கப்பலில் வேலை செய்கிற மீரான் என்பவன் பத்தாவியிலிருந்து ஊருக்கு வந்தான். நேராகக் கோட்டை வாசலுக்கு வந்து என்னைக் கேட்டான்.

"பத்தாவியில கயிறு முறுக்குற கொட்டாயில நம்ம ஊர்க்காரர் ஒருத்தரு கீறாரு. சீசர்னு பேரு. வலது கைப் பெருவெரலு மடங்காது. உங்களாண்ட ஒண்ணு கேக்கச் சொன்னாரு."

"என்ன கேட்டாரு?" என்றேன்.

"பாடு பிரிக்கறப்ப எம்பேர கூப்டறாங்களா, முனுசாமி கீறான்னு சொல்றானான்னு கேட்டாரு. ஊட்ல கஞ்சிக்குக் கஷ்டமில்லியேன்னாரு."

எனக்கு அழுகை வந்தது. கோட்டை வாசல் என்றும் பார்க்காமல் உட்கார்ந்து அழுதேன். மீரானுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். அந்த மூன்று சீசர் விஷயத்தை நான் ஒரு மனிதனிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் பொறுமையாகக் கேட்டான்.

"இத்த அவர்கிட்ட நா சொல்ல மாட்டேன். உங்க வாயால வந்தத நீங்களே சொமக்கணும். நா இன்னா சொல்லட்டும், அத்த சொல்லுங்க" என்றான்.

"கங்கம்மாவும் கப்பலேறிட்டா, இப்ப அவ பேரு கல்பூர்னியான்னு சொல்லு. வர்ற கப்பல்காரங்ககிட்டெல்லாம் விசாரிக்கச் சொல்லு. சீசர் ஊருக்கு ஒருத்தன் இருப்பான். இந்தப் பேர்ல எங்க புத்தகத்துல ஒருத்திதான். தேடினா கிடைப்பா."

மீரானுக்கு அந்தப் பேர் வாயில் வரவில்லை. கருப்பூணியா என்றான், கல்பனியா என்றான். அன்று மத்தியானம் பூராவும் படகுத்துறையில் உட்கார வைத்துத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். கடைசியில் சரியாகச் சொன்னான். அவன் ஏறின கப்பல் போனது. அதற்கப்புறம் மீரானும் வரவில்லை, சேதியும் வரவில்லை. கிடைத்தாளா என்று எனக்குத் தெரியாது.

அன்றைக்கே உழவுக்காரனின் தாயையும் தேடிப் போனேன். அவள் செத்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

8. இப்போது

சின்ன துரை இங்கேயே காய்ச்சலில் செத்தார். கடல் தாண்டி வந்த கருங்கல்லில் அவருக்குச் சமாதி. மேலே ரெக்கை முளைத்த மணல் கடிகாரம், கீழே ரோமாபுரி எழுத்து. போய்ப் பார்த்தேன். பேர், தகப்பன் பேர், பிறந்த ஊர் எல்லாம் ஒரு எழுத்துப் பிசகாமல் வெட்டியிருக்கிறார்கள். குப்பத்திலும் ரோமாபுரி இருக்கிறது. இரண்டு வீட்டில் பிள்ளைக்குச் சீசர் என்று பேர் வைத்திருக்கிறார்கள். கப்பலேறிப் போன யாரோ ஒரு சாமி என்று அவர்களுக்கு நினைப்பு.

மீரான் போன மறுவாரம் நான் நாட்டாரிடம் போனேன். மாரி உயிரோடு இருக்கிறான், பேரை மறுபடி கூப்பிட வேண்டும் என்றேன். எல்லாவற்றையும் ஊர் முன்னால் சொன்னேன். முனுசாமி என்னை அடிக்க வந்தான். பிடித்து நிறுத்தினார்கள். விட்டிருக்கலாம்.

நாட்டார், "உழுந்த முறைய வேற ஊட்டுக்குக் குடுத்தாச்சி தொபாசி. அவங்க வயித்துல அடிக்க முடியாது. பேர மட்டும் கடசீல கூப்டறேன். தண்ணியில எடம் கெடையாது. ஆனா யாரு பதிலு குடுக்கறது? இவன் ஒரு தபா வாய மூடினவன். மறுபடி தொறக்கக் கூடாது" என்றார்.

"நான் சொல்றேன்."

"நீ எங்க ஜனம் இல்லியே."

"பேரை அழிச்சவன் நான்தான். நான் சொல்றேன்."

அவர் மறுக்கவில்லை. அன்றிலிருந்து வருஷா வருஷம் பாடு பிரிக்கிற அன்று போகிறேன். யாரும் என்னோடு பேசமாட்டார்கள். ஓரமாக மணலில் உட்கார்ந்திருப்பேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். மேலே இருப்பவர்கள் எந்தப் பேரை எழுதச் சொன்னாலும் எழுதுங்கள். ஆனால் பக்கத்தில் அவனுடைய தாய் வைத்த பேரையும், ஊரையும், உடம்பில் இருக்கிற தழும்பையும் சேர்த்து எழுதுங்கள். பெண்டாட்டி பேர் சொல்லமாட்டாள். பக்கத்தில் நிற்கிறவரைக் கேளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று வாசலில் நின்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வேலை போனால் போகட்டும்.

போன மாதம் பாடு நடந்தது. எல்லாப் பேரும் முடிந்த பிறகு நாட்டார், "மாரி" என்று கூப்பிட்டார்.

"கீறாரு" என்றேன்.

கங்கம்மாவின் பேரைக் கூப்பிடவில்லை. பெண்கள் பேரைக் கூப்பிடுகிற வழக்கம் அந்தக் கரையில் இல்லை.